நாலு மணி சிக்னலும் ஐன்ஸ்டைனும்

(ஊர்ப்புற நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை அறிமுகம் செய்யும்போது, சார்பியலை எளிமையாக விளக்கக்கூடியவர் என்று ஒரு வார்த்தை சொன்னார். அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முப்பது வருஷம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். சார்பியலில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அதை எப்படியெல்லாம் விளக்கினால் கேட்பவர்களுக்குப் புரியாமல் போகும் என்பதுதான். அந்த அனுபவம் என்னிடம் நிறையவே இருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

ஐன்ஸ்டைன் 1905இல் எழுதிய கட்டுரைகளுக்கு நூறு வயதானதை ஒட்டி, 2005ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை இயற்பியல் ஆண்டாக அறிவித்திருந்தது. ஊருக்கு ஊர் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் பேச ஆள் தேடினார்கள். இயற்பியல் வாத்தியார் என்ற முறையில் நான் மாட்டினேன். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். போய் ஐம்பது நிமிஷம் பேசினேன். ஓடுகிற கடிகாரம் மெதுவாகும், ஓடுகிற ரயில் குறுகும், இரட்டையரில் மூத்தவன் விண்வெளிக்குப் போய்த் திரும்பினால் தம்பியாகிவிடுவான் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். நல்ல கைதட்டல். மோடி வித்தைக்காரனுக்கு விழுகிற கைதட்டல் அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

"சார், ஒரு சந்தேகம். ஓடுற ரயில்ல இருக்கிற கடிகாரம் மெதுவா ஓடும்னு சொன்னீங்க. சரி. ரயில்ல உக்காந்திருக்கிறவனுக்கு நாமதான ஓடுறோம்? அப்போ அவன் நம்ம கடிகாரம் மெதுவா ஓடுதும்பான். அவன் கடிகாரத்தைவிட என்னுது மெதுவு, என்னுதைவிட அவனுது மெதுவு. ரெண்டும் எப்படி சார் சரியா இருக்கும்? இப்படி ரிஜிஸ்தர்ல எழுதியிருந்தா என்னை அன்னைக்கே சஸ்பெண்ட் பண்ணியிருப்பாங்க."

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். "அதுதான் ஐயா சார்பியல், எல்லாம் பார்ப்பவரைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு நன்றியுரை சொல்பவரைப் பார்த்தேன். அவரும் புரிந்துகொண்டு எழுந்து வந்தார். தப்பித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து கூடவே வந்தது. எனக்கு அதற்கு விடை தெரியாது. சமன்பாடு தெரியும், பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன், மாணவர்களுக்கு நடத்தி நூற்றுக்கு நூறு வாங்க வைத்திருக்கிறேன். ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்ல விடை இல்லை.

அடுத்த இரண்டு மாதம் நான் மறுபடி மாணவனானேன். அப்போதுதான் ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரையை முதல்முறையாக, மொழிபெயர்ப்பில்தான், வரிசைப்படி படித்தேன். அதுவரை அதைப் பற்றிப் படித்திருந்தேனே தவிர அதைப் படித்ததில்லை. நம்மில் பலர் திருக்குறளைப் படித்திருப்பது மாதிரி.

படித்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கட்டுரையில் மெதுவாக ஓடும் கடிகாரம் நாலாவது பகுதியில்தான் வருகிறது. முதல் பகுதி எதைப் பற்றி? 'ஒரே நேரத்தில்' என்றால் என்ன என்பதைப் பற்றி. ரயில் ஏழு மணிக்கு வருகிறது என்று சொல்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு சின்னக் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறார். ரயில் வந்து நிற்பதும், என் கையிலிருக்கும் கடிகாரத்தின் முள் ஏழைத் தொடுவதும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் நடக்கின்றன; அவ்வளவுதான் அர்த்தம். பக்கத்தில் நடப்பதற்கு இது போதும். தூரத்து ஸ்டேஷனில் நடப்பதற்கு? அங்கே ஒரு கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரமும் என் கடிகாரமும் ஒத்துப்போகின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது? சார்பியல் முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? முதல் பகுதியைத் தாண்டிக் குதித்து நாலாவது பகுதியிலிருந்து கதை சொல்கிறோம். கேட்பவருக்குக் கிறுகிறுப்பு வராமல் என்ன செய்யும்?

இதில் நமக்கு ஒரு ஆறுதல் உண்டு. ஐன்ஸ்டைனே அங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றார். 1922 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரில், கையில் குறிப்பு எதுவும் இல்லாமல், இந்தக் கொள்கைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று அவர் ஒரு பேச்சுப் பேசினார். ஜப்பானிய இயற்பியலாளர் ஒருவர் குறிப்பெடுத்ததால் அது நமக்குக் கிடைத்தது. ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே என்பதையும், வேகங்களைக் கூட்டுவது பற்றி நாம் பள்ளியில் படித்ததையும் ஒன்றாகப் பொருத்த முடியாமல் ஏறக்குறைய ஒரு வருஷம் வீணாகத் திண்டாடியிருக்கிறார். பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் கூட வேலை பார்த்த மிக்கேலே பெஸ்ஸோ என்ற நண்பரிடம் ஒருநாள் போய்ப் புலம்பினார். இருவரும் அதைப் பல கோணங்களில் பேசினார்கள். மறுநாள் நண்பரைப் பார்த்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், நன்றி, தீர்ந்துவிட்டது என்றாராம். சிக்கல் ஒளியில் இல்லை, 'நேரம்' என்ற சொல்லில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். ஐந்து வாரத்தில் கட்டுரை முடிந்தது. அதன் கடைசியில் பெஸ்ஸோவுக்கு நன்றி இருக்கிறது. அடிக்குறிப்பில் ஒரு நூலும் இல்லை.

நான் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் என்னை மறந்திருப்பார் என்று நினைத்தேன். "வாங்க சார், விடை கிடைச்சுதா?" என்றார்.

அவரிடம் தூரத்துக் கடிகாரம் பற்றி ஆரம்பித்தேன். அரை நிமிஷத்தில் பேச்சை அவர் எடுத்துக்கொண்டார். "தினமும் பதினாறு மணிக்கு, அதாவது சாயங்காலம் நாலு மணிக்கு, கண்ட்ரோல்ல இருந்து டைம் சிக்னல் வரும் சார். போனை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டு, இன்னொரு கையை முள்ளு மேல வச்சிருப்போம். லைன்ல இருக்கிற அத்தனை ஸ்டேஷன்லயும் அந்த நிமிஷம் அதுதான் வேலை." ரயில்வே விதிப் புத்தகத்திலேயே உள்ள நடைமுறை அது. நம் நாட்டில் இதற்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்திய ரயில்வேக்கள் 'மெட்ராஸ் டைம்' பார்த்து ஓடின. நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தின் நேரம் அது. தந்திக் கம்பி வழியாக நாடெங்கும் போனது. 1906 ஜனவரி 1 அன்றுதான் இன்றைய இந்திய நேரம் வந்தது. ஐன்ஸ்டைனின் கட்டுரை அச்சாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே 'இப்போது' வேண்டும் என்று உலகம் கம்பி இழுத்துக்கொண்டிருந்த அதே பருவத்தில், அந்த 'இப்போது' எவ்வளவு தூரம் தாங்கும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"சிக்னல் வந்து சேர நேரம் ஆகுமே?" என்று கேட்டேன்.

"ஆகட்டும். கண்ட்ரோல் நடுவுல இருந்து, ரெண்டு பக்கமும் சம தூரத்துல ரெண்டு ஸ்டேஷன் இருந்தா, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதான வரும்? அதுக்குமேல என்ன வேணும்?"

எனக்குப் புல்லரித்தது. ஐன்ஸ்டைன் முதல் பகுதியில் தருகிற வரையறைக்கு இதற்குமேல் ஒரு சொல் கூட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பாடப் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை நாற்பது வருஷம் காதில் போனை வைத்தவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

அவர் வீட்டில் காலண்டர் தாளைத் தூக்கிப்போடுகிற வழக்கம் கிடையாது. பின்பக்கம் பால் கணக்கு எழுதுவார்கள். ஒரு பெரிய மாதக் காலண்டர் தாளை நீளவாக்கில் இரண்டு பட்டையாகக் கிழித்தார். ஒன்று தரை, ஒன்று ரயில். தரைப் பட்டையில் ஏ, பி என்று இரண்டு ஸ்டேஷன். நடுவில் கண்ட்ரோல். ஒளி விநாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர் போகும். கணக்குக்கு மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் ஒரு மைக்ரோ விநாடியில், அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர். ஏ ஸ்டேஷனுக்கும் பி ஸ்டேஷனுக்கும் 900 மீட்டர் தூரம் என்று எழுதினோம். ரயிலுக்கு ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகம் கொடுத்தோம். "எந்த இன்ஜின் சார் இது?" என்றார். இன்ஜினைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டு. இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் காகிதத்தில் அவர் கார்டுதான். கார்டு ஏ ஸ்டேஷனைக் கடக்கும்போது ஏ கடிகாரம் 0, அவர் கைக்கடிகாரமும் 0. பி ஸ்டேஷனைக் கடக்கும்போது பி கடிகாரம் 5 காட்டுகிறது. 900 மீட்டரை அந்த வேகத்தில் கடக்க 5 மைக்ரோ விநாடி. ஆனால் கார்டின் கையில் 4தான் ஓடியிருக்கும் என்கிறது சமன்பாடு. இந்த எண்களில் யாருக்கும் சண்டை இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கடிகாரம் எதிரெதிரே நிற்கும்போது ஒன்று 5, ஒன்று 4 என்றால், அதைப் பார்க்கிற எல்லோரும் 5, 4 என்றுதான் சொல்வார்கள். கார்டும் சொல்வார், ஸ்டேஷன் மாஸ்டரும் சொல்வார், தண்டவாளத்தில் நிற்கிற காக்காய்க்கு வாயிருந்தால் அதுவும் சொல்லும்.

"அப்போ கார்டு கடிகாரம் மெதுவு. நான் சொன்னது சரி" என்றார்.

"கார்டு என்ன சொல்வார் தெரியுமா? நான் கிளம்பும்போது ஏ கடிகாரத்தைத்தானே பார்த்தேன், வந்து சேரும்போது பி கடிகாரத்தையல்லவா பார்க்கிறேன், இரண்டும் ஒத்துப்போனதாக யார் சொன்னது என்பார்."

"கண்ட்ரோல் சொன்னான்."

இங்கேதான் பட்டையை நகர்த்த வேண்டியிருந்தது. கார்டின் கண்ணோட்டத்தில் ரயில் நிற்கிறது. தரைப் பட்டை பின்னோக்கி ஓடுகிறது. ஏ பின்னால் விலகிப் போகிறது, பி எதிரே வந்துகொண்டிருக்கிறது. நடுவிலிருந்து கண்ட்ரோல் இரண்டு பக்கமும் ஒளிச் சிக்னல் விடுகிறது. ஒளி கார்டுக்கும் அதே மூன்று லட்சம் கிலோமீட்டர்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. இந்த ஒன்றைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் ஐன்ஸ்டைன். அப்படியென்றால் சிக்னல் எதை முதலில் தொடும்? எதிரே ஓடி வருகிற பி ஸ்டேஷனைத்தான். விலகி ஓடுகிற ஏ ஸ்டேஷனைத் துரத்திப் பிடிக்க நேரம் பிடிக்கும். ஆகவே பி கடிகாரம் முன்னாடியே முடுக்கப்பட்டுவிட்டது. கணக்குப் போட்டால் 1.8 மைக்ரோ விநாடி முந்தி இருக்கிறது. கார்டு ஏ ஸ்டேஷனைக் கடந்த அந்தச் சமயத்தில், கார்டின் கணக்குப்படி, பி கடிகாரம் 0 காட்டவில்லை, ஏற்கெனவே 1.8 காட்டியது. அங்கிருந்து 5க்கு வந்திருக்கிறது. ஓடியது 3.2. என் கையில் 4 ஓடுவதற்குள் தரைக் கடிகாரம் 3.2தான் ஓடியது, அது மெதுவு என்கிறார் கார்டு. நாலுக்கு 3.2, ஐந்துக்கு நாலு; இரண்டும் ஒரே விகிதம். போட்டுப் பாருங்கள்.

பெரியவர் பட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார். காபி ஆறிப்போனது. பிறகு சொன்னார்: "அப்போ அவர் என் கடிகாரத்தை மட்டும் குறை சொல்லலை. எனக்கும் பி ஸ்டேஷனுக்கும் நாலு மணி சிக்னல் ஒண்ணா வந்து சேரலைங்கிறார். அதானே?"

அதுதான். அதேதான். நான் ஐம்பது நிமிஷம் பேசியதில் இல்லாதது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

"யார் சொல்றது சரி? ரெண்டு பேருக்கும் மேல ஒரு கண்ட்ரோல் இருக்குமே?"

இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓடும் கடிகாரம் மெதுவாவதை யாரும் எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள். ஏதோ இயந்திரக் கோளாறு என்று மனம் சமாதானம் சொல்லிவிடுகிறது. உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு 'இப்போது' கிடையாது என்பதை ஏற்பதுதான் கஷ்டம். சார்பியல் கற்பவன் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான். பிறந்ததிலிருந்து கேள்வி கேட்காமல் வைத்திருந்த ஒன்றைக் கீழே போட வேண்டியிருக்கிறது.

அன்றாட வாழ்க்கையில் இது ஏன் உறைப்பதில்லை என்றால், அளவு அப்படி. அரைக் கிலோமீட்டர் நீள ரயில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால், இன்ஜினிலும் கடைசிப் பெட்டியிலும் உள்ள கடிகாரங்களைப் பற்றிப் பயணிக்கும் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கும் வருகிற தகராறு எவ்வளவு? ஒரு விநாடியைப் பத்து லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றரைப் பங்கு. ஆனால் தூரம் கூடினால் தகராறும் கூடும். மெரினா கடற்கரையில் இருவர் எதிரெதிரே நடந்து வந்து ஒருவரை ஒருவர் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நடை, மணிக்கு ஐந்து கிலோமீட்டர். ஒருவர் ஆண்ட்ரோமெடா விண்மீன் கூட்டத்தை நோக்கி நடக்கிறார், மற்றவர் அதற்கு முதுகு காட்டி. அது 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அங்கே 'இப்போது' என்ன தேதி என்பதில் சுண்டல் தின்றுகொண்டு நடக்கிற இந்த இருவருக்கும் எட்டு நாளுக்கு மேல் வித்தியாசம் வரும். இதை முதலில் போட்டபோது தசமப் புள்ளி தவறிவிட்டது என்று நினைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

எல்லாம் சார்பு என்று பேச்சாளர்கள் சொல்வதும் தப்பு. நான் அன்று சொன்ன 'பார்ப்பவரைப் பொறுத்தது' எத்தனை தப்பு என்று இந்தப் பட்டைகளே காட்டின. ஸ்டேஷன் மாஸ்டர்தான் அதையும் கண்டுபிடித்தார். "சார், மூணு, நாலு, அஞ்சு வருதே, கொத்தனார் மூலைமட்டம் பாக்குற மாதிரி?" கவனித்தீர்களா? தூரம், ஒளியின் கணக்கில், 3. தரை நேரம் 5. கார்டின் நேரம் 4. கொத்தனார் மூன்றடியையும் நாலடியையும் அளந்து, குறுக்கே ஐந்து வந்தால் மூலை சரி என்பார். அங்கே கூட்டல். இங்கே கழித்தல்: ஐந்தின் வர்க்கத்திலிருந்து மூன்றின் வர்க்கத்தைக் கழித்தால் நாலின் வர்க்கம். வேறொரு ரயிலிலிருந்து வேறொருவர் பார்த்தால் அவர் எழுதும் தூரமும் வேறு, நேரமும் வேறு. ஆனால் அவரும் வர்க்கம் போட்டுக் கழித்தால் அதே 16தான் வரும். 1908இல் கொலோன் நகரில் மின்கோவ்ஸ்கி என்ற கணித மேதை, ஐன்ஸ்டைனுக்கே பாடம் நடத்தியவர், உலகுக்குச் சொன்னது இதைத்தான். இடம் தனி, நேரம் தனி என்றால் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டையும் இப்படிச் சேர்த்தால் மாறாது.

ஆகவே 'மாறாமைக் கோட்பாடு' என்று பெயர் வைத்திருக்கலாமே என்று அந்தக் காலத்திலேயே சிலர் சொன்னார்கள். ஐன்ஸ்டைனுக்கும் ஏற்கெனவே நிலைத்துவிட்ட பெயர் பொருத்தமானதுதானா என்ற எண்ணம் இருந்தது. தமிழில் நமக்குக் கூடுதல் தொல்லை. சார்பு என்றதும் என்ன நினைவு வருகிறது? பாரபட்சம். கணக்குப் புத்தகத்தில் அது வேறு பொருளில் வரும். காவல் நிலையத்தில் சார்பு ஆய்வாளர் இருக்கிறார், நீதித்துறையில் சார்பு நீதிமன்றம் இருக்கிறது. ஒரு பையன் விடைத்தாளில், ஐன்ஸ்டைன் எந்தச் சார்பும் இல்லாமல் ஆராய்ந்ததால் இப்பெயர் என்று எழுதியிருந்தான். மார்க் போட மனம் வந்தது, போடவில்லை.

இன்னொரு சொல் 'பார்ப்பது'. அவர் அப்படிப் பார்ப்பார், இவர் இப்படிப் பார்ப்பார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கண்ணால் பார்ப்பது வேறு. ஒளி வந்து சேர எடுத்த நேரத்தையெல்லாம் கழித்துக் கணக்குப் போட்டு, அங்கே இன்ன நேரத்தில் இது நடந்தது என்று எழுதுவது வேறு. சார்பியல் பேசுவது இரண்டாவதை. இந்த வித்தியாசத்தில் பெரியவர்களே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். ஜார்ஜ் காமோவ் 1940இல் கொண்டுவந்த டாம்ப்கின்ஸ் கதைப் புத்தகத்தில், வேகமாகப் போகும் சைக்கிள்காரர் ஒட்டிப்போன அப்பளம் மாதிரித் தெரிவார். மூன்று தலைமுறையைச் சார்பியல் பக்கம் இழுத்த அருமையான புத்தகம். ஆனால் அந்தப் படம் சரியில்லை. நீளம் குறுகுவது உண்மை. கண்ணுக்கு அது அப்படித் தெரியாது. வேகமாகப் போகும் பந்தைப் படம் பிடித்தால் வட்டமாகத்தான் விழும், சற்றுத் திரும்பியது போல. டெரல், பென்ரோஸ் என்ற இருவர் தனித்தனியாக இதை எழுதியது 1959இல். கொள்கை வந்து 54 வருஷம் கழித்து! முதல் வாரத்தில் புரியவில்லை என்று வருந்துகிற பிள்ளைகளுக்கு நான் இந்தக் கணக்கைச் சொல்வது வழக்கம்.

சார்பியல் யாருக்கும் புரியாது என்று ஒரு மாயை வேறு உலவுகிறது. 1919இல் கிரகணத்தின்போது ஒளி வளைவதை அளந்த எடிங்டனிடம், உலகில் இதைப் புரிந்துகொண்ட மூன்று பேரில் நீங்கள் ஒருவர் என்று ஒருவர் சொன்னாராம். எடிங்டன் பேசாமல் நின்றார். அடக்கம் வேண்டாம் என்றதற்கு, மூன்றாவது ஆள் யார் என்று யோசிக்கிறேன் என்றாராம். இந்தக் கதையைப் பிற்காலத்தில் சொன்னவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கு அதைச் சொல்லும்போது உள்ளுக்குள் என்ன ஓடியிருக்கும்? அதே எடிங்டன்தான் 1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில், வெண்குறு விண்மீன்களுக்குச் சார்பியலைப் பொருத்தி சந்திரசேகர் கண்ட எடை வரம்பைக் கேலி செய்து ஒதுக்கினார். அந்த வரம்பும் அடங்கிய விண்மீன் ஆய்வுகளுக்காக 1983இல் சந்திரசேகருக்கு நோபல் வந்தது. மூன்று பேர் கதையை நான் மேடையில் சொல்வதானால் இந்தப் பின்பாதியோடுதான் சொல்வது.

சார்பியலைக் கற்பதற்கு எனக்குப் பிடித்த முன்னுதாரணம் கல்கத்தாவில் இருக்கிறது. மேக்நாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ். இருவருக்கும் இருபத்தைந்தை ஒட்டிய வயது. பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். புத்தகம் இல்லை, இருப்பது ஜெர்மனில். ஜெர்மன் படித்து, ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1920இல் கல்கத்தா பல்கலைக்கழக வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். அந்தக் கட்டுரைகளுக்கு ஆங்கிலத்தில் வந்த முதல் நூல் அது. வழிகாட்ட ஆள் கிடையாது. ஒரு வாக்கியத்தைப் பெயர்க்க வேண்டுமானால் அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. புரியாத இடம் பல்லில் கல்லாகத் தட்டுப்படும். கற்பதற்கு மொழிபெயர்ப்பைவிடக் கறாரான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பத்தியைக் கொடுத்துப் பாட்டிக்குப் புரிகிற தமிழில் எழுதி வா என்பேன். பாட்டி கேட்ட கேள்விகளோடு திரும்பி வருவார்கள்.

இதெல்லாம் நிஜம்தானா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். நீங்கள் எண்ணுகிற ஒவ்வொரு விநாடிக்கும் ஏறக்குறைய ஒரு மியூவான் என்கிற துகள் உங்கள் கையைத் துளைத்துப் போகிறது. பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் துகள் அது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளி வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் வர முடியும். கை வரைக்கும் எப்படி வந்தது? தரைக் கணக்கில் அதன் கடிகாரம் மெதுவு. அதன் கணக்கில் காற்று மண்டலம் பல மடங்கு ஒல்லி. கார்டுக்கு நம் 900 மீட்டர் 720 ஆனது போல. ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் 560 சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு மியூவான் தொலைநோக்கியே வைத்து இவற்றை இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கையை இறக்கிக்கொள்ளலாம்.

பொதுச் சார்பியலுக்குள் இன்று போகப் போவதில்லை. ஒரு முறையீட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். ரப்பர் விரிப்பில் இரும்புக் குண்டை வைத்து, பக்கத்தில் கோலிக்குண்டை உருட்டி, ஈர்ப்பு இதுதான் என்று காட்டுகிறோம். கோலி ஏன் பள்ளத்தில் இறங்குகிறது? பூமி இழுப்பதால். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்கியாயிற்று. நான் பல வருஷம் இந்த விரிப்பைக் காட்டியிருக்கிறேன். ஒரு ஆறாம் வகுப்புச் சிறுமி கேட்ட பிறகுதான் நிறுத்தினேன். தேங்காய் கீழே விழுவதற்குப் பெரும் காரணம் இடம் வளைவது இல்லை, உயரத்துக்கு உயரம் நேரத்தின் ஓட்டம் மாறுவது. சென்னைக் கடற்கரையில் ஒரு கடிகாரம், ஊட்டியில் ஒரு கடிகாரம் வைத்தால், ஊட்டிக் கடிகாரம் வருஷத்துக்குச் சுமார் எட்டு மைக்ரோ விநாடி முந்தும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் இருக்கும் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இது நாளொன்றுக்கே 45. அதன் வேகத்தால் 7 குறையும். மிச்சம் 38 மைக்ரோ விநாடி. ஒளி அதற்குள் 11 கிலோமீட்டர் போய்விடும். கடிகாரத்தை மேலே அனுப்புவதற்கு முன்பே அதற்கேற்பக் குறைத்து வைத்து அனுப்புகிறார்கள். இன்று இந்த நூலகத்துக்கு வழி தெரியாமல் செல்போன் பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களும் நாலு மணி சிக்னல் வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள், நாலு செயற்கைக்கோளிலிருந்தாவது.

பெரியவர் அதன்பின் ஆறு வருஷம் இருந்தார். மாதம் ஒருமுறையாவது போவேன். இரட்டையர் கணக்கையும் அந்தப் பட்டைகளிலேயே போட்டுப் பார்த்தோம். போய்த் திரும்புகிறவன் ஒரு ரயிலிலிருந்து எதிர் ரயிலுக்கு மாறுகிறான், அந்த இடத்தில் அவனுடைய 'இப்போது' தாவுகிறது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மூன்றாவது பட்டைக்கு அவர் பேரனின் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்தோம். வீட்டில் திட்டு விழுந்தது.

உங்கள் ஒவ்வொருவர் நாற்காலியிலும் இரண்டு காகிதப் பட்டைகள் வைத்திருக்கிறோம். வெள்ளை தரை, மஞ்சள் ரயில். பென்சிலும் இருக்கும், பக்கத்தில் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள். முதலில் மஞ்சளில் கார்டின் 0ஐ வெள்ளையில் ஏ ஸ்டேஷனின் 0க்கு நேராக வையுங்கள். பி ஸ்டேஷன் பக்கத்தில் இன்னும் எதுவும் எழுத வேண்டாம். அங்கே என்ன எழுதுவது என்று கை தயங்கினால் கையைத் தூக்குங்கள், நான் அங்கே வருகிறேன்.